நலங்குப் பாட்டுக்கு டிக்கெட்

கொல்கத்தாவில் ஒரு பாட்டை முறையாக விலை கொடுத்து வாங்கியே தீருவேன் என்று கிளம்பிய ஒரு மனிதரை எனக்குத் தெரியும். பெயர் துரைசாமி. கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் எதிர் பிளாக். வேலை, டிக்கெட் பரிசோதகர். சொந்த மைத்துனன் ஊரிலிருந்து வந்து ஹவுராவில் டிக்கெட் இல்லாமல் இறங்கியதற்கு அபராதம் போட்டுவிட்டு, அதே கையோடு பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அழைத்துவந்தவர். அந்த மைத்துனன் அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவர் மனைவி நீலாவதி நன்றாகப் பாடுவாள். இங்கே தமிழர் வீட்டுக் கல்யாணம் என்றால் நலங்குக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் ஒரு சின்ன கேசட் கம்பெனிக்காரன் அவளைக் கூட்டிப்போய் நலங்குப் பாட்டுகளைப் பதிவு செய்தான். வீட்டிலிருந்த கேசட்டை டேப்ரிக்கார்டர் எப்போதோ மென்று துப்பிவிட்டது. போன வருடம் நீலாவதிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. இப்போது அவள் பேசினால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும்.

இந்த நிலையில் மகள் தேவிப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவர்கள் வழக்கத்தில், பெண்ணை மணையில் உட்காரவைத்து நலங்கு வைக்கும்போது பெற்றவள்தான் முதல் பாட்டைப் பாட வேண்டும். ஊரார் பெண்களுக்கெல்லாம் பாடினவள் தன் பெண்ணுக்கு ஊமையாக நிற்பதா என்று நீலாவதி உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தாள். துரைசாமிதான் வழி கண்டுபிடித்தார். தொண்டை போனால் என்ன, பதிவு செய்த குரல் எங்காவது இருக்குமே!

"நெட்ல கிடக்குதுப்பா," என்றாள் தேவிப்ரியா. சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை அவளுக்கு. "ரெண்டு நிமிஷம். டவுன்லோட் பண்ணித் தரேன்."

"ஓசியிலயா?"

"எல்லாரும் அப்படித்தான்பா கேக்குறாங்க."

"எல்லாரும் வித்தவுட்லதான் போறாங்க. நான் விட்டுட்டனா? டிக்கெட் இல்லாத ஆளும் ஒண்ணுதான், டிக்கெட் இல்லாத பாட்டும் ஒண்ணுதான். உங்கம்மா குரலு, உன்னோட நலங்கு. அதுல திருட்டுப் பாட்டு ஓடுச்சுன்னா நான் மனுசனே இல்ல."

நீலாவதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் குனிந்து கேட்கவில்லை, பேச்சு மும்முரம். அவள் எழுந்து பச்சைமிளகாய் வாங்கப் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் மாலா பௌதியிடம் (பௌதி என்றால் அண்ணி) போய்விட்டாள். சாயங்காலமானால் நீலாவதிக்கு எப்படியும் ஒரு பச்சைமிளகாய் தேவைப்பட்டது.

அந்தக் கேசட் கம்பெனி மூடிப்போய், அதன் பாட்டுகளெல்லாம் கடைசியில் இசை நேர்மை ஆணையம் என்ற மகா நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தன. சால்ட் லேக்கில் கண்ணாடிக் கட்டடம். மெட்ரோ ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அவர்களுடைய விளம்பரம் இருக்கும். காதில் மாட்டும் ஒயர் அப்படியே கீழே இறங்கிக் கைவிலங்காக முடிந்திருக்கும். "கேட்கிறாயா, திருடுகிறாயா?" என்று மூன்று மொழியில் மிரட்டும். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே திருட்டுப் பாட்டுக் கேட்டார்கள். துரைசாமி ஒருவர்தான் அதைப் பார்த்து மரியாதையாக நின்றார். நம்ம டிக்கெட் செக்கிங் ஸ்குவாடு மாதிரியே இருக்காங்க என்று பூரித்துப்போனார்.

லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் போனார். உள்ளே மூன்று கவுண்டர்கள். ஒன்று குற்றத்தை ஒப்புக்கொள்ள. இன்னொன்று அபராதம் கட்ட. மூன்றாவது அடுத்தவரைக் காட்டிக்கொடுக்க. அதில்தான் நீளமான வரிசை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிராமலே முதல் கவுண்டரைக் கை காட்டினாள்.

துரைசாமி தனக்குத் தெரிந்த பெங்காலியில், தான் ஒன்றும் திருடவில்லை, ஒரு பாட்டு வாங்க வேண்டும் என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "கின்தே எஷேச்சே!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். வாங்க வந்திருக்கிறாராம்! நான்கைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். காவல்காரன் எதற்கும் இருக்கட்டும் என்று வாசற்கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரம் ஃபோனில் பேசிவிட்டு, அவரைத் தென்மொழிப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

தென்மொழிப் பிரிவுக்குத் துணை இயக்குநர் வெங்கடசுப்ரமணியன். கொள்ளுத்தாத்தா காலத்திலேயே கொல்கத்தா வந்து குடியேறிய குடும்பம். துரைசாமியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"வாங்கோ, வாங்கோ! ஆபீஸ்ல தமிழ் பேசி எவ்வளவு நாளாச்சு! டீ சாப்பிடறேளா? ஏதோ பாட்டு வாங்கணும்னேளாமே. எதுக்கு?"

"கேக்கத்தான் சார்."

"அதான் எதுக்குங்கறேன். கேக்கணும்னு நினைக்கறவா டவுன்லோட் பண்ணிக்கறா. நீங்க வாங்கணும்ங்கறேள். அப்போ உள்ளுக்குள்ள வேற ஏதோ எண்ணம் இருக்கணுமோன்னோ?"

துரைசாமி நலங்கு விவரத்தைச் சொன்னார். மனைவி குரலைச் சொன்னார். "எந்தக் கடையிலயும் கிடைக்கல சார். ஆப்புலயும் இல்ல. அதான் நேரா உங்ககிட்டயே வந்துட்டேன்."

"எப்படிக் கிடைக்கும்? நாங்கதான் வெளியிடவே இல்லையே!" வெங்கடசுப்ரமணியன் பெருமையாக நாற்காலியில் சாய்ந்தார். "வெளியிட்டா திருடிடுவான் சார். எங்க கன்ட்ரோல்ல ஆயிரக்கணக்குல பாட்டு இருக்கு. ஒண்ணை வெளிய விட்டதில்லை. அதுக்காக டில்லியில எங்களுக்கு ஷீல்டு குடுத்தா தெரியுமோ?"

அவர் காட்டிய ஷீல்டு பளபளப்பாக இருந்தது. துரைசாமி எழுந்து நின்று பார்த்தார்.

விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அடுத்த வாரமே இரண்டு ஆய்வாளர்கள் டேப்போடு கார்டன் ரீச் வந்து இறங்கினார்கள். கூடவே வெங்கடசுப்ரமணியனும் வந்தார், மொழிபெயர்க்க. சுவரின் கனத்தை அளந்தார்கள். ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். ஒருவர் உள்ளே நின்று "ஹலோ ஹலோ" என்று கத்த, இன்னொருவர் பக்கத்து வீட்டுக்குப் போய், கேட்கிறது என்று முகம் கறுக்கத் திரும்பிவந்தார்.

"இதான் பிரச்னை," என்றார் வெங்கடசுப்ரமணியன். "நீங்க ஒருத்தருக்கு வாங்கிண்டு சுவர் வழியா இன்னொருத்தருக்கு சப்ளை பண்றேள். பக்கத்தாத்து அம்மாவும் லைசென்ஸ் எடுக்கணும். இல்லேன்னா பாட்டு ஓடறப்போ காதைப் பொத்திக்கறேன்னு சத்தியம் பண்ணணும்."

மாலா பௌதியைக் கூப்பிட்டார்கள். மீன் கழுவிய கையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். என் வீட்டில் என் காதை நான் எதற்குப் பொத்த வேண்டும், உங்கள் ஆபீஸை வந்து பொத்துங்கள், ஆமாம், அந்தப் பாட்டு எனக்கு... என்று பெங்காலியில் பொரிந்துகொண்டே வந்தவள், நீலாவதியைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "நலங்குப் பாட்டு என்றால் என்ன, எனக்கு எப்படித் தெரியும்?" என்று முடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நீலாவதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு சலுகை கிடைத்தது. வீட்டில் கேட்கக் கூடாது. நலங்கு நடக்கும் ஹாலில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு முறை கேட்கலாம். கேட்கப்போகிறவர்களின் பெயர்களை முன்கூட்டியே கொடுத்து ஆளுக்கொரு டிக்கெட் வாங்க வேண்டும். குழந்தைகளுக்கு அரை டிக்கெட்.

இதில் தேவிப்ரியாவுக்குத்தான் கோபம் வந்தது. துரைசாமிக்கு உள்ளபடியே சந்தோஷம். "அரை டிக்கெட் வச்சிருக்காங்க பாரு. முறைன்னா இதும்மா முறை!" என்றார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றார் வெங்கடசுப்ரமணியன். "பாடகியோட சம்மதம் வேணும். கலைஞர்கள் உரிமை எங்களுக்குக் கண்ணு மாதிரி."

"பாடகி இவதான் சார்." துரைசாமி மனைவியைக் காட்டினார்.

"அது நீங்க சொல்றது. ஆபீசுக்கு அழைச்சிண்டு வாங்கோ. பாடிக் காட்டட்டும்."

"அவளால பாட முடியாதுங்க சார். முடிஞ்சா நான் எதுக்கு உங்ககிட்ட வரேன்?"

"ரெண்டே வரி போறும் சார்," என்றார் வெங்கடசுப்ரமணியன், பெரிய மனது பண்ணி.

சால்ட் லேக்கில் குளிரூட்டிய அறையில் நீலாவதியை நடுநாற்காலியில் உட்காரவைத்தார்கள். எதிரே மூன்று பேர், முன்னால் மைக். அவள் கும்பிட்டாள். மூச்சை இழுத்தாள். கழுத்துத் தழும்பு மட்டும் ஏறி இறங்கியது. காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவையும் காற்றுதான் வந்தது. மைக்கைச் சரிசெய்து மூன்றாம் தடவை பாடச் சொன்னார்கள். அட பாவிகளா, அறுத்துத் தைத்த கழுத்து கண்ணுக்கு நேரே தெரிகிறதே என்று அங்கே ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

"ஒப்பிட்டுப் பார்த்துடுவோமே," என்று வெங்கடசுப்ரமணியன் தன் ஃபோனை எடுத்துத் தட்டினார்.

"பன்னீரும் சந்தனமும் பந்தலிலே காத்திருக்கு, பாப்பா நீ கோவிக்காம மணைமேல வந்து குந்து..."

நீலாவதியின் குரல்! இருபது வயது நீலாவதி அந்த அறைக்குள் வந்து கணீரென்று பாடினாள். துரைசாமிக்குக் கண்ணில் தாரை தாரையாகக் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் நீலாவதி பாட்டோடு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வரி முடிந்ததும் பாட்டுக்கு நடுவே ஒரு ஆண்குரல், "பாட்டுமூட்டை டாட் நெட்!" என்று கட்டையாகக் கூவியது. நீலாவதியின் உதடு அப்போதும் நிற்கவில்லை, அதையும் சேர்த்துச் சொன்னது. துரைசாமி அதைக் கவனித்தார், ஆனால் என்னவென்று விளங்கவில்லை.

வெங்கடசுப்ரமணியன் ஃபோனை அணைத்தார். "இதுக்கு மேல நீங்க கேட்கப்படாது. அனுமதி இன்னும் வரலை."

"சார்... நடுவுல கத்துனது யாரு?"

"அது ரெஃபரன்ஸ் காப்பி சார்."

"திருட்டு சைட்டுப் பேருல்ல சொல்லுது?"

"திருடினா திருட்டு. நாங்க எடுத்தா ரெஃபரன்ஸ். ஒரிஜினல் டேப் ஹவுரா கோடவுன்ல இருந்தது. மழைத்தண்ணி பூந்து எல்லாம் போயிடுத்து. ஆனா உரிமை நனையலை பாருங்கோ, அது பத்திரமா எங்ககிட்ட இருக்கு." மூன்று பேரும் கலந்து பேசினார்கள். "சாரி. அம்மாவோட குரல் பாடகி குரலோட பொருந்தலை. இந்தப் பாட்டைப் பாடினது இவா இல்லை."

துரைசாமி மனைவியின் கையைப் பிடித்து எழுப்பி அழைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வழிநெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். டிக்கெட் மட்டும் மறக்காமல் எடுத்தார்.

கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஆணையத்துக்கு ஆண்டுவிழா வந்தது. மேடையில் ஏற்றிக் காட்ட, பாட்டை வாங்க விரும்பும் ஒரு நேர்மையான குடிமகன் வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மாநிலம் முழுக்கத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். வேறு ஆள் அகப்படவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் துரைசாமிக்கு விசேஷக் கருணையில் அனுமதி வழங்கப்பட்டது, விழாவுக்கு வந்தால்.

பெண்ணின் நலங்குக்காக அவர் போனார். நீலாவதியையும் அழைத்துப்போனார். அவள் பெயர் பட்டியலில் இல்லை என்று வாசலிலேயே நிறுத்தி, காவல்காரனின் ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். உள்ளே துரைசாமிக்கு உத்தரீயம் போர்த்தினார்கள், பூங்கொத்தும் சந்தேஷ் இனிப்பு டப்பாவும் கொடுத்தார்கள். ஆணையத் தலைவர் ராய்சௌத்ரி எழுந்து இங்கிலீஷில் முழங்கினார்.

"நண்பர்களே! இவர் எங்களிடம் வந்தபோது நாங்கள் அதிர்ந்துபோனோம். ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து பாட்டு வாங்க வேண்டும் என்று ஒருவர்கூட வந்ததில்லை. அதற்கான ஏற்பாடு எதுவும் எங்களிடம் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? மக்கள் பாட்டு வாங்க வேண்டும் என்பது எங்கள் நோக்கமே அல்ல. திருடக் கூடாது என்பதுதான் நோக்கம். கேட்பதையே விட்டுவிட்டால் திருட்டுக்கு இடமேது? பாட்டுச் சத்தமே இல்லாத நேர்மையான ஒரு இந்தியாவை நோக்கி நாம் நடந்துகொண்டிருக்கிறோம். இத்தனையும் யாருக்காக? கலைஞர்களுக்காக!"

கைதட்டல் வாசல் வரை கேட்டது. கலைஞர் அங்கே கொசு அடித்துக்கொண்டிருந்தாள்.

நலங்கு நாள் வந்தது. குடியிருப்புக் கல்யாண ஹால், பெண்ணைச் சுற்றிப் பெண்டுகள், மஞ்சள், சந்தனம். வெங்கடசுப்ரமணியன் அரக்கு வைத்த பெட்டியோடு வந்து சேர்ந்தார். வாசலில் துரைசாமி ஒவ்வொருவரின் டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்து, கிழித்து உள்ளே விட்டார். மாப்பிள்ளையின் அத்தைக்கும் அதே மரியாதைதான். மாலா பௌதி தன்னுடையதை நீட்டி, "உன் புருஷனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது," என்று நீலாவதியிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. தேவிப்ரியா மணையில் உட்கார்ந்தாள். நீலாவதி சந்தனக் கிண்ணத்தோடு மகள் பக்கத்தில் நின்றாள்.

வெங்கடசுப்ரமணியன் பெட்டியைத் திறந்து பொத்தானை அமுக்கினார். ராய்சௌத்ரியின் குரல் வந்தது. திருட்டின் தீமைகளைப் பற்றி முதலில் இங்கிலீஷில், பிறகு இந்தியில், பிறகு பெங்காலியில். சந்தனம் காயத் தொடங்கியது. குழந்தைகள் அழுதன. ஒருவழியாக, "பன்னீரும் சந்தனமும் பந்தலிலே காத்திருக்கு..." என்று நீலாவதியின் குரல் எழுந்தது. ஹால் சிலிர்த்தது. ஒரு வரிதான். பெட்டி நின்றுவிட்டது.

"என்ன சார் ஆச்சு?"

"இது சாம்பிளுக்கு சார். முழுசும் வேணும்னா பாடகியோட சம்மதம் வரணும். அதான் இன்னும் பெண்டிங்ல இருக்கே!"

நீலாவதி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். காற்று. தேவிப்ரியா, "அம்மா, வேணாம்மா, விடும்மா," என்று அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. "போன்னீரும் ஷொந்தோனமும் போந்தோலிலே காத்திருக்கு..." மாலா பௌதி! எழுந்து நின்று, இரண்டு கையையும் வீசி, தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, ஒரு வார்த்தையும் பிசகவில்லை. "பாப்பா நீ கோவிக்காமோ மோணைமேலே வந்து குந்து... பாட்டுமூட்டோ டாட் நெட்!" என்று அதையும் ராகத்தோடு இழுத்து, ஒருமுறை கை தட்டி, அடுத்த அடிக்குப் போனாள்.

துரைசாமிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. சாயங்காலப் பச்சைமிளகாய், ஆபீஸில் அசைந்த உதடு, அவர் குனிந்து கேட்காத பேச்சு. மனைவியைப் பார்த்தார். நீலாவதி பயந்துகொண்டே அவரைப் பார்த்தாள். பௌதியின் ஃபோனில் திருட்டுப் பாட்டாக, அடுத்தவள் சமையலறையில் ஒளிந்து நின்று, தன் குரலைத் தானே கேட்டுவந்திருக்கிறாள். தன் புருஷன் அபராதம் போடுவான் என்று!

"நிறுத்துங்கோ!" வெங்கடசுப்ரமணியன் துள்ளி எழுந்தார். "அனுமதி இல்லாம பாடறா! இந்த அம்மாவுக்கு, ஹாலுக்கு, எல்லாருக்கும் அபராதம் விழும்!"

துரைசாமி மெதுவாக நடந்து அவர் முன்னால் வந்து நின்றார். முப்பது வருட உத்தியோகத்தில் பழகிய அதே நிதானத்தோடு கையை நீட்டினார்.

"டிக்கெட் சார்."

"என்னது?"

"பாட்டு கேட்டீங்கல்ல? உங்க டிக்கெட்டைக் காட்டுங்க."

"விளையாடறேளா? நான் ஆபீசர்!"

"ஆபீசருக்கு ஓசின்னு உங்க ரூல்ல எங்கயும் இல்லீங்களே. பேரு குடுத்தவங்க எல்லாம் டிக்கெட்டோட வந்திருக்காங்க. உங்க பேரு இல்ல. சால்ட் லேக்குல எம்பொண்டாட்டி பாட்டை ஒருவாட்டி கேட்டீங்க, இங்க ஒருவாட்டி. ரெண்டும் வித்தவுட்டு. எறங்குங்க சார்."

"எங்க இறங்கறது?"

"கதவைத் திறந்து விடுறேன். வெளியில போயிக் காதைப் பொத்திக்கிட்டு நில்லுங்க. சத்தியம் பண்ணணும், ஞாபகம் இருக்குல்ல? சுவரு வேற மெலிசு."

பெட்டியை அவர் கையில் கொடுத்து, தோளைத் தொட்டு, பயணிகளிடம் காட்டும் மரியாதை ஒன்றும் குறையாமல் வெளியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மனைவியின் பக்கத்தில் நின்று, இந்த முறை நன்றாகக் குனிந்தார்.

"பௌதியை மொதல்லேர்ந்து பாடச் சொல்லட்டுமா?"

நீலாவதி சிரித்தாள். சத்தம் வரவில்லை, ஆனால் தோள் குலுங்கியது. கிண்ணத்தை எடுத்து மகள் கன்னத்தில் சந்தனத்தைப் பூசினாள். அவர் காதில் ஏதோ சொன்னாள்.

"சரி, சரி," என்றார் துரைசாமி. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "டாட் நெட்டு வர்றப்போ எல்லாரும் சேந்து சொல்லணுமாம்," என்று உரக்க அறிவித்தார்.